அன்றிரவு எங்கே தங்குவீர்கள்?

பெங்களூரு ஸ்ரீராமபுரத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 34. ஒன்பது வயதில் மகள், நான்கு வயதில் மகன். மாமியார் பெயரில் உள்ள வீட்டின் முதல் மாடியில் குடியிருக்கிறார்கள். கீழே ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. அவர் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறார். கணவர் இரண்டு வருடமாக அடிக்கிறார். மூன்று வாரத்துக்கு முன் சுவரோடு சாய்த்துக் கழுத்தை நெரித்திருக்கிறார். கண் இருட்டிவிட்டதாம், இரண்டு நாள் குரல் கம்மியே இருந்ததாம். "ஒரு தடவைதானே, கோபத்தில் செய்துவிட்டார்" என்கிறாராம் மாமியார். போனையும் அடிக்கடி பிடுங்கிப் பார்க்கிறாராம். அவர் கேட்பவை: பெப்பர் ஸ்பிரே வாங்கி வைக்கலாமா, தற்காப்புப் பயிற்சி உதவுமா? போலீசுக்குப் போனால் இன்னும் மோசமாகுமா? ஜோலார்பேட்டையிலிருந்து அண்ணன் "நான் வந்து பேசுகிறேன்" என்கிறார், வரச் சொல்லலாமா? வெளியேறினால் வீடும் பிள்ளைகளும் கைவிட்டுப் போய்விடுமா?

அன்புள்ள சகோதரிக்கு,

இந்தப் பதிலை ஆபீஸ் கம்ப்யூட்டரிலோ நம்பிக்கையான ஒருவரின் போனிலோ படியுங்கள். உங்கள் போனில் படித்தால், இந்தப் பக்கத்தின் பதிவை மட்டும் ஹிஸ்டரியிலிருந்து நீக்குங்கள். முழு ஹிஸ்டரியையும் துடைத்துவிட்டால், எதையோ மறைக்கிறீர்கள் என்று அதுவே காட்டிக்கொடுக்கும்.

மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் கழுத்தைப் பற்றிப் பேச வேண்டும். மூன்று வாரம் ஆகிவிட்டது, வலி போய்விட்டது என்று விட்டுவிடாதீர்கள். கழுத்தை நெரிக்கும்போது மூளைக்குப் போகும் ரத்தம் தடைபடுகிறது. பத்து நொடிக்குள் நினைவு தப்பலாம், சில நிமிடங்களில் உயிரே போகலாம். கண் இருட்டியது என்று எழுதியிருக்கிறீர்களே, அது அந்தப் பத்து நொடியின் விளிம்பு. வெளியே ஒரு தழும்பும் இல்லாமல் உள்ளே ரத்தக்குழாயின் சுவர் கிழிந்திருக்கலாம். அந்தக் கிழிசலில் ரத்தம் உறைந்து, நாட்கள், வாரங்கள் கழித்துக்கூடப் பக்கவாதத்தில் கொண்டுபோய் விடுவதுண்டு. அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் கழுத்து நெரிப்பு வழக்குகள் 300ஐ எடுத்துப் பார்த்தபோது, பாதிப் பேருக்கு வெளியே தெரியும்படி எந்தக் காயமும் இல்லை. அதனால் "ஒன்றும் தெரியவில்லையே" என்று யார் சொன்னாலும் அதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

இந்த வாரமே பௌரிங், விக்டோரியா, கே.சி. ஜெனரல் போன்ற ஏதாவது ஓர் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். டாக்டரிடம் "கழுத்து வலி" என்று பொதுவாகச் சொல்லாமல், "கணவர் இரண்டு கையாலும் கழுத்தை நெரித்தார், கண் இருட்டியது, குரல் போனது" என்று நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். விழுங்கும்போது வலி, பேச்சில் மாற்றம், அந்த நேரத்தில் தன்னையறியாமல் சிறுநீர் கழிந்தது, கண் வெள்ளையில் சிவப்புப் புள்ளிகள் வந்தது, இவற்றில் எது இருந்தாலும் வெட்கப்படாமல் சொல்லுங்கள். கழுத்து ரத்தக்குழாய்களுக்கு சி.டி. ஆஞ்சியோகிராம் தேவையா என்று நீங்களே கேளுங்கள். ஒரு பக்கக் கை கால் மரத்துப்போவது, வாய் கோணுவது, நாக்கு குழறுவது, திடீரென்று தாங்க முடியாத தலைவலி, பார்வை மங்குவது, இதில் ஒன்று வந்தாலும் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது. ஓசூர் ரோட்டில் உள்ள நிமான்ஸ் (நரம்பியல், மனநல மருத்துவமனை) அவசர சிகிச்சைப் பிரிவு இரவிலும் திறந்திருக்கும்.

அந்த டாக்டரிடம் எம்.எல்.சி. (போலீசுக்கும் தெரிவிக்கப்படும் மருத்துவ-சட்டப் பதிவு) போடச் சொல்லுங்கள். எம்.எல்.சி. போட்டாலே கேஸ் ஆகிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். ஆஸ்பத்திரி காவல் நிலையத்துக்குத் தகவல் அனுப்பும், அவ்வளவுதான். வாக்குமூலம் கொடுப்பதும் எப்போது கொடுப்பது என்பதும் உங்கள் கையில். ஆனால் அந்தப் பதிவு இருந்தால், ஆறு மாதம் கழித்து "எல்லாம் கட்டுக்கதை" என்று யாரும் சொல்ல முடியாது. தகவல் போனால் நிலையத்திலிருந்து யாராவது வீட்டுக்குப் போன் செய்யக்கூடும். அதனால் மருத்துவமனைக்குப் போகும் நாளைக்கும், இனி எடுக்கும் ஒவ்வொரு அடிக்கும், ஒரே ஒரு கேள்வியை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்: அன்றிரவு நானும் பிள்ளைகளும் எங்கே தங்குவோம்? அதற்குப் பதில் கிடைத்த பிறகுதான் அந்த அடியை எடுத்து வைக்க வேண்டும்.

கழுத்தை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. மனைவியைக் கொல்லும் அளவுக்குப் போகக்கூடியவர் யார் என்பதை முன்கூட்டி மதிப்பிட, ஜாக்குலின் கேம்பல் என்ற செவிலியர் ஆய்வாளர் 1985இல் ஒரு கேள்விப்பட்டியல் உருவாக்கினார். இன்று பல நாடுகளில் புழங்குகிறது. கடந்த ஒரு வருடத்தில் அடி அதிகமானதா, ஆயுதம் காட்டினாரா, கொன்றுவிடுவேன் என்றாரா, தற்கொலை செய்துகொள்வேன் என்று மிரட்டுகிறாரா, போகிற இடமெல்லாம் பின்தொடர்கிறாரா, கர்ப்பமாக இருந்தபோது அடித்தாரா, கட்டாய உறவு உண்டா, குடிப்பழக்கம், வேலை இழப்பு என்று அது போகிறது. அதில் கழுத்து நெரிப்பு தனி இடத்தில் இருக்கிறது. ஒருமுறை கழுத்தை நெரித்தவரால் அந்தப் பெண் பின்னாளில் கொல்லப்படும் வாய்ப்பு ஏழு மடங்குக்கு மேல் என்று 2008இல் வந்த ஆய்வு காட்டியது. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. "ஒரு தடவைதானே, கோபத்தில் செய்துவிட்டார்" என்று மாமியார் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பேச்சை நீங்கள் மனதுக்குள் ஏற்றுக்கொள்ளக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்தப் பட்டியலில் இன்னொன்றும் உண்டு: பிரிவு. "நான் போகிறேன்" என்று வாயால் சொன்ன நேரமும், போன பிறகான முதல் சில மாதங்களும் மிக ஆபத்தானவை. கோபத்தில்கூட "கோர்ட்டில் பார்த்துக்கொள்கிறேன்", "நாளைக்கே அம்மா வீட்டுக்குப் போறேன்" என்று சொல்லாதீர்கள். போவது முடிவானால், அவருக்குத் தெரிவது நீங்கள் போன பிறகாக இருக்கட்டும்.

இப்போது ஸ்பிரே. வீட்டுக்குள் கணவருக்கு எதிராக அதை நம்ப வேண்டாம். தெருவில் அறிமுகமில்லாத ஒருவரிடமிருந்து ஓட அது உதவும், ஓட இடம் இருக்கிறது, காற்று இருக்கிறது. பத்துக்குப் பத்து ஹாலில் மின்விசிறி சுழலும்போது அடித்தால், அது உங்கள் கண்ணிலும் பிள்ளைகளின் தொண்டையிலும் சேர்ந்தே இறங்கும். பை எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும், பிடுங்கினால் அது அவர் கையில். மிளகாய்ப் பொடிக்கும் இதேதான். அதைவிட மோசம், அதற்காக நீங்கள் சமையலறைக்குள் ஓடுவீர்கள். சண்டை நேரத்தில் வீட்டிலேயே ஆபத்தான அறை அதுதான். கத்தி, அரிவாள்மணை, அம்மிக்குழவி, அடுப்பு எல்லாம் அங்கேதான் இருக்கின்றன, பெரும்பாலும் ஒரே ஒரு வாசல். பாத்ரூமும் அப்படியே. தரை வழுக்கும், எங்கே விழுந்தாலும் கடினமான மூலை, வெளித் தாழ்ப்பாள் போட்டுவிட்டால் முடிந்தது. மொட்டை மாடியும் பால்கனியும் வேண்டவே வேண்டாம்.

குரல் ஏறுகிறது என்று தெரிந்ததும், பேசிக்கொண்டே, வெளிக்கதவுக்கு நெருக்கமான பக்கத்துக்கு நகருங்கள். கதவுக்கும் உங்களுக்கும் நடுவில் அவர் நிற்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். முதல் மாடி வீடு என்பதால் படிக்கட்டுக் கிரில் கேட் உங்கள் உயிர்வழி. இரவில் அதைப் பூட்டிச் சாவியை அவர் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்கிறார் என்றால், மாற்றுச் சாவி செய்து ஒன்றைக் கீழ் வீட்டம்மாவிடம் கொடுத்து வையுங்கள். நம்பக்கூடியவர் என்று உறுதியானால் மட்டும்.

கீழ் வீட்டம்மாவோடு ஒரு அடையாளப் பேச்சும் வைத்துக்கொள்ளுங்கள். "உறைக்கு மோர் இருக்கா?" என்று நீங்கள் மெசேஜ் போட்டாலோ, மகள் இறங்கி வந்து கேட்டாலோ, அவர் மோர் எடுத்துக்கொண்டு மேலே வரக் கூடாது. பிள்ளையை உள்ளே உட்காரவைத்து, தன் போனிலிருந்து அவசர உதவி எண் 112ஐ அழைக்க வேண்டும். இதை அவரிடம் தெளிவாகச் சொல்லி, ஒரு தடவை அவர் வாயாலேயே திருப்பிச் சொல்லக் கேளுங்கள். பலரும் இங்கேதான் தவறுகிறார்கள். அடையாளத்தைச் சொல்லிவிடுகிறார்கள், அதைக் கேட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்வதில்லை. அந்தம்மா சமாதானம் பேச மேலே ஏறி வந்து அவரும் மாட்டிக்கொள்வார்.

தற்காப்புப் பயிற்சியில் உங்களுக்குத் தேவையானது மிகக் கொஞ்சம். முன்னாலிருந்து கழுத்தைப் பிடித்தால் முதல் வேலை தாடையை மார்போடு இறக்கி, தோள்களைக் காது வரை தூக்குவது. விரல்களுக்கும் ரத்தக்குழாய்க்கும் நடுவில் கொஞ்சம் தசை வந்து நிற்கும், சில நொடிகள் கிடைக்கும். அவர் மணிக்கட்டுகளைப் பிடித்து இழுக்காதீர்கள், பலத்தில் நீங்கள் தோற்பீர்கள். ஒரு கையை நேராக மேலே உயர்த்தி, அந்தக் கை அவருடைய இரு கைகளின் மேலும் விழும்படி உடம்போடு சேர்த்துச் சட்டென்று பக்கவாட்டில் திரும்புங்கள். பிடி கட்டைவிரல் பக்கம்தான் பலவீனம், அங்கே விட்டுவிடும். விட்டதும் திருப்பி அடிக்க நிற்காமல் கதவுக்கு ஓடுங்கள். இதைப் படித்துக் கற்க முடியாது. யாராவது ஒரு பெண் பயிற்சியாளரிடம் இந்த ஒன்றை மட்டும் இருபது முப்பது தடவை செய்து பாருங்கள். கீழே விழுந்துவிட்டால் ஒருக்களித்துச் சுருண்டு, முழங்காலை வயிற்றோடு சேர்த்து, இரு கைகளாலும் பின்கழுத்தையும் தலையையும் மூடுங்கள். கையில் கத்தி இருந்தால் நாற்காலி, பை, தலையணை எதையாவது நடுவில் வைத்துத் தூரம் கூட்டுவதைத் தவிர வேறு முயற்சி வேண்டாம்.

சட்டம் உங்களுக்குத் தற்காப்பு உரிமை தந்திருக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையான பிரிவுகள் அதைப் பற்றியவை. உடம்புக்கு ஆபத்து வரும் என்ற நியாயமான அச்சம் இருக்கும் வரைதான் அந்த உரிமை. அவர் கையை விட்டுவிட்டு வெளியே போன பிறகு பின்னாலிருந்து அடித்தால் அது தற்காப்பில் வராது, நீங்கள் குற்றவாளி ஆகிவிடுவீர்கள்.

112ஐ அழைக்கும்போது முதலில் விலாசம். எந்த கிராஸ், எந்த மெயின், வீட்டு எண், பக்கத்தில் என்ன கோயில், என்ன கடை. அடுத்து "கழுத்தை நெரிக்கிறார்", "கையில் கத்தி இருக்கிறது", "பிள்ளைகள் உள்ளே இருக்கிறார்கள்". பேரும் கதையும் கடைசியில். இணைப்பு நடுவில் அறுந்தாலும் விலாசம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். இரண்டு வரி கன்னடத்திலும் மகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். பட்டன் போனாக இருந்தால் 5 அல்லது 9ஐ அழுத்திப் பிடித்தால் அவசர அழைப்பு போகும். ஸ்மார்ட் போனில் பவர் பட்டனைத் தொடர்ந்து அழுத்தினால் போகும்படி அமைக்கலாம். ஆனால் சில போன்களில் அழைப்புக்கு முன் எச்சரிக்கை ஒலி சத்தமாக அடிக்கும். அமைப்பில் போய் அந்த ஒலியை நிறுத்தி வையுங்கள். மகளிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டும்: அப்பா அம்மாவுக்கு நடுவில் வந்து தடுக்காதே, தம்பியைக் கூட்டிக்கொண்டு கீழே போ. ஒன்பது வயதுப் பிள்ளை அம்மாவைக் காப்பாற்றத்தான் ஓடி வரும். அம்மாவை விட்டுவிட்டுப் போவது தப்பில்லை என்று நீங்கள்தான் அவளுக்குச் சொல்ல வேண்டும்.

அண்ணன் விஷயம். அவர் பாசத்தில் கேட்கிறார், ஆனால் இந்தக் கட்டத்தில் வரச் சொல்லாதீர்கள். அவர் வந்து நான்கு வார்த்தை சத்தமாகப் பேசுவார், சில சமயம் கையும் நீளும். மாலை ரயிலில் ஜோலார்பேட்டைக்குத் திரும்பிவிடுவார். அன்றிரவு அந்த வீட்டில் இருக்கப்போவது நீங்கள்தான். அடுத்த நாள் "மச்சான் ஆள் கூட்டி வந்து அடித்தார்" என்று அவர்கள் புகார் கொடுத்தால் உங்கள் வழக்கு "இரண்டு தரப்புத் தகராறு" ஆகிவிடும். அண்ணனிடம் வேறு வேலை கொடுங்கள். உங்கள் காயப் படங்களையும் ஆவணப் படங்களையும் அவர் போனில் பத்திரப்படுத்தட்டும். கையில் ஐயாயிரம் ரூபாய் தயாராக வைத்திருக்கட்டும். நீங்கள் அழைத்தால் எந்த இடத்துக்கு வர வேண்டும் என்று மட்டும் தெரிந்துவைத்திருக்கட்டும். உறவுக்காரர்கள் கூடிப் பேசும் பஞ்சாயத்துக்கும் இதே பதில். இருவரையும் ஒன்றாக உட்காரவைக்கும் கவுன்சலிங்கும் கழுத்து நெரிப்புக்குப் பிறகு கூடாது. அங்கே நீங்கள் சொன்ன உண்மைக்கு வீட்டில் தண்டனை கிடைக்கும். கவுன்சலிங் என்று யார் அழைத்தாலும் "தனியாக வருகிறேன்" என்று சொல்லுங்கள்.

போலீஸ் புகார் பலனளிக்குமா என்பது அதை எப்படி எழுதுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வெறும் "அடித்தார், திட்டினார்" என்றிருந்தால் அது சாதாரணக் காயம், அதே சன்ஹிதாவின் 115(2)ஆவது பிரிவு. மாஜிஸ்ட்ரேட் அனுமதி இல்லாமல் போலீஸ் அதை விசாரிக்க முடியாது. ஒரு ரசீதோடு, "இரண்டு பேரையும் கூப்பிட்டு எச்சரிக்கிறோம்" என்று முடியும். கணவரின் கொடுமை என்றால் 85ஆவது பிரிவு, மூன்று வருடம் வரை சிறை. பழைய 498ஏ இதுதான். உயிர் போகும் அளவு நெரித்திருந்தால் கொலை முயற்சிப் பிரிவான 109 வரை யோசிக்க வேண்டியிருக்கும். ஆகவே புகாரில் மூன்று சம்பவங்கள் போதும்: முதல் தடவை, மிக மோசமான தடவை, கடைசித் தடவை. தேதி, நேரம், அறை, யார் பார்த்தார்கள், எந்தக் கையால், எவ்வளவு நேரம், உங்கள் உடம்பில் என்ன ஆனது, அவர் சொன்ன வார்த்தை அப்படியே. ஒன்றரைப் பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். வரதட்சணையே கேட்காதவர் என்றால் அதைச் சேர்க்காதீர்கள். "இதைச் சேர்த்தால்தான் கேஸ் நிற்கும்" என்று யாராவது சொல்வார்கள். ஒரு பொய் நிரூபணமானால் கழுத்து நெரித்த உண்மையும் சேர்ந்து சந்தேகமாகிவிடும்.

நிலையத்தில் தமிழில் பேசினால் புரிந்துகொள்ளும் காவலர்கள் இருப்பார்கள், ஆனால் எழுதுவது பெரும்பாலும் கன்னடத்தில். கையெழுத்துக்கு முன் முழுவதும் படித்துக் காட்டச் சொல்லுங்கள். கழுத்தை நெரித்தது, "குத்திகெ ஹிசுகிதரு", அதில் இருக்கிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். "ஹொடெதரு" (அடித்தார்) என்று மட்டும் இருந்தால் திருத்தச் சொல்லுங்கள். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசமாகத் தர வேண்டும். வாங்க மறுத்தால், புகாரை டி.சி.பி.க்கு (துணைப் போலீஸ் கமிஷனர்) பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அதன் ரசீது முக்கியம். அதற்கும் பலன் இல்லையென்றால் மாஜிஸ்ட்ரேட்டிடம் போகலாம். நீங்கள் ஜோலார்பேட்டைக்குப் போய்விட்டால், தஞ்சம் புகுந்த இடத்திலேயே புகார் கொடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2019இல் ரூபாலி தேவி வழக்கில் சொல்லிவிட்டது. சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். போடலாம்.

"மோசமாகுமா" என்று கேட்டீர்கள். ஆகலாம், அதன் காரணம் இதுதான். ஏழு வருடத்துக்கு உட்பட்ட தண்டனைக் குற்றங்களில் உடனே கைது செய்யாமல், ஆஜராகும்படி நோட்டீஸ் கொடுத்து அனுப்புவதுதான் இப்போதைய வழக்கம். நீங்கள் காலையில் புகார் கொடுத்தால், மாலையில் அவர் நோட்டீசோடு வீடு திரும்பியிருப்பார். புகார் கொடுத்ததாலேயே பாதுகாப்பு வந்துவிடாது. பிள்ளைகளோடு வேறிடத்தில் தங்க ஏற்பாடு செய்துவிட்டு நிலையத்துக்குப் போங்கள்.

அந்த வேறிடம் எது? அம்மா வீடு என்றால் அவர் முதலில் தேடி வருவது அங்கேதான். முதல் சில நாட்களுக்கு, அவருக்குத் தெரியாத தோழி வீடு நல்லது. யாரும் இல்லையென்றால் பெண்கள் உதவி எண் 181ஐ அழைத்து, வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான அரசின் 'சகி' ஒன் ஸ்டாப் சென்டரைக் கேளுங்கள். ஐந்து நாள் வரை தங்கலாம், பெண் பிள்ளைகளும் சிறு வயது ஆண் பிள்ளைகளும் கூட இருக்கலாம், ஆகவே உங்கள் இரண்டு பிள்ளைகளையும் பிரிக்க மாட்டார்கள். மருத்துவ உதவி, போலீஸ் உதவி, வக்கீல் எல்லாம் அங்கிருந்தே ஏற்பாடாகும். இன்ஃபன்ட்ரி ரோடு போலீஸ் கமிஷனர் அலுவலக வளாகத்தில் இயங்கும் வனிதா சகாயவாணி (எண் 1091) ஆலோசனைக்கு நல்ல இடம். வழக்குப் போடாமலும் அங்கே போகலாம்.

நீண்ட காலப் பாதுகாப்புக்கு உங்களுக்கு உள்ள வலுவான கருவி 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைப் பாதுகாப்புச் சட்டம். இது குற்ற வழக்கு அல்ல. உங்களுக்கு உத்தரவு வேண்டும் என்று மாஜிஸ்ட்ரேட்டிடம் கேட்கிறீர்கள். அருகே வரக் கூடாது, ஆபீசுக்கு வரக் கூடாது, போன் செய்யக் கூடாது என்பது பாதுகாப்பு உத்தரவு (பிரிவு 18). வீட்டிலிருந்து வெளியேற்றக் கூடாது, அல்லது அவரை வெளியேறச் சொல்வது, அல்லது வாடகை வீட்டுக்குப் பணம் கொடுப்பது குடியிருப்பு உத்தரவு (19). ஜீவனாம்சமும் மருத்துவச் செலவும் 20இல், பிள்ளைகளின் தற்காலிகப் பொறுப்பு 21இல். மனுவோடு பிரமாணப் பத்திரம் வைத்து, அவரைக் கேட்காமலேயே இடைக்கால உத்தரவு வேண்டும் என்று 23ஆவது பிரிவில் கேளுங்கள். எம்.எல்.சி. நகல் அங்கேதான் பேசும். முதல் விசாரணை மூன்று நாளுக்குள் என்று சட்டம் சொல்கிறது, நடைமுறையில் அதைவிட நாளாகும். அதற்கேற்ப தங்குமிடத்தை யோசித்துவையுங்கள். உத்தரவு கைக்கு வந்ததும் ஒரு நகலை நீங்கள் இருக்கும் பகுதிக் காவல் நிலையத்தில் கொடுத்து முத்திரை வாங்குங்கள். மீறினால் அது ஜாமீன் இல்லாத குற்றம், ஒரு வருடம் வரை சிறை. மீறல் சின்னதாக இருந்தாலும், வாசலில் வந்து நின்றதாகவே இருந்தாலும், அன்றே எழுதிக் கொடுங்கள். இரண்டு மூன்றை விட்டுவிட்டால் உத்தரவுக்கு மதிப்பில்லை என்று அவர் கற்றுக்கொள்வார்.

கர்நாடகத்தில் இந்தச் சட்டத்தின் பாதுகாப்பு அதிகாரி பொறுப்பைப் பெண்கள் குழந்தைகள் நலத்துறையின் சி.டி.பி.ஓ.க்கள் (குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அதிகாரிகள்) பார்க்கிறார்கள். குடும்பச் சம்பவ அறிக்கை எழுதுவது அவர்கள் வேலை. 2006ஆம் ஆண்டு விதிகளில் படிவம் 5 என்று ஒன்று இருக்கிறது, அது உங்களோடு உட்கார்ந்து அவர்கள் நிரப்ப வேண்டிய பாதுகாப்புத் திட்டம். அறிக்கையோடு நிறுத்திக்கொள்ளப் பார்ப்பார்கள், நீங்கள் படிவம் 5ஐயும் பெயர் சொல்லிக் கேளுங்கள். வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு, எண் 15100.

மாமியார் பெயரில் வீடு என்பதால் உங்களுக்கு உரிமையில்லை என்று சொல்லியிருப்பார்கள். கணவனின் உறவினர் பெயரில் உள்ள வீடும், நீங்கள் அங்கே குடும்பமாக வாழ்ந்திருந்தால், பகிர்ந்து வாழ்ந்த வீடுதான் என்று 2020 அக்டோபரில் சதீஷ் சந்தர் அஹூஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது. நிரந்தரச் சொத்துரிமை அது தராது, வசிக்கும் உரிமை தரும். பயத்தில் வெளியேறியதாலேயே அந்த உரிமை போய்விடாது. ஆனாலும் அந்த வீட்டுக்கே திரும்பிப் போய் உரிமையை நிலைநாட்ட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். கழுத்தை நெரித்தவரோடு ஒரே கூரையின் கீழ் இருக்க உத்தரவு வாங்குவதைவிட, வேறு வீட்டுக்கு வாடகை கேட்பது உங்கள் நிலைமைக்குப் பொருந்தும். பிள்ளைகள் விஷயத்தில், நீங்கள் போகும்போது அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். விட்டுவிட்டுப் போய்ப் பிறகு கேட்பது கடினம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை பொதுவாகத் தாயிடம் என்பது இந்து இளையோர் காப்பாளர் சட்டத்தின் 6ஆவது பிரிவு, மகனுக்கு அது உடனே உதவும். உத்தரவு வந்ததும் ஒரு நகலைப் பள்ளியிலும் கொடுத்து, பிள்ளைகளை யாரோடு அனுப்பலாம் என்று எழுத்தில் கொடுங்கள்.

பையை வீட்டில் கட்டி வைக்காதீர்கள், அது கண்டுபிடிக்கப்பட்டால் அன்றே ஆபத்து. ஒவ்வொரு பொருளாக ஆபீஸ் மேசைக்கோ தோழி வீட்டுக்கோ போகட்டும்: ஆதார், ரேஷன் கார்டு நகல், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், திருமணப் பதிவு அல்லது பத்திரிகை, பேங்க் பாஸ்புக், இரண்டு வாரத்துக்கு மருந்து, ஆளுக்கு இரண்டு செட் துணி, மூவாயிரம் ரூபாய்க்குக் குறையாத சில்லறை நோட்டு. எடுக்க முடியாததைப் படம் எடுத்தால் போதும். நகைகளையும் ரசீதுகளையும் படம் எடுங்கள், சீதனத்தைத் திருப்பிக் கேட்க அது வேண்டும். கையில் காசே இல்லாத நாளிலும், பெண்களுக்கு இலவச பஸ் பயணம் தரும் கர்நாடக அரசின் சக்தி திட்டத்தில் ஆதாரைக் காட்டி பி.எம்.டி.சி. சாதாரண பஸ்ஸில் ஏறிவிடலாம். குடும்பத் தலைவிக்கு அரசு தரும் கிருஹலட்சுமிப் பணம் மாமியார் பேரில் வருகிறதா உங்கள் பேரில் வருகிறதா, எந்தக் கணக்குக்கு, ஓ.டி.பி. யார் போனுக்கு வருகிறது என்று பாருங்கள். சம்பளக் கணக்கும் அப்படியே. ஏ.டி.எம். கார்டு அவரிடம் இருந்தால், அவருக்குத் தெரியாத வேறு வங்கியில் புதுக் கணக்கு தொடங்கி, கிளம்பும் மாதத்தில் சம்பளத்தை அதற்கு மாற்றச் சொல்லுங்கள்.

போனில் மூன்று இடத்தைப் பாருங்கள். வாட்ஸாப்பில் இணைக்கப்பட்ட சாதனங்கள், கூகுள் மேப்பில் இருப்பிடப் பகிர்வு, கூகுள் கணக்கில் வேறு எந்தப் போன் உள்நுழைந்திருக்கிறது என்பது. அங்கே அவர் இருந்தால் இப்போதே வெளியேற்றாதீர்கள், உடனே தெரிந்துவிடும். முக்கியமான பேச்செல்லாம் ஆபீஸ் போனில் வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும் நாளன்று அந்தப் போனை அணைத்துவிடுங்கள், ஆனால் தூக்கி எறியாதீர்கள். அதிலுள்ள மிரட்டல் மெசேஜ்களும் படங்களும் சாட்சி. நீதிமன்றத்தில் மின்னணுச் சாட்சிக்கு பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவுச் சான்றிதழ் வைக்க வேண்டும், அசல் போன் கையில் இருந்தால் வேலை சுலபம். புதுக் காயம் ஏற்பட்டால் மூன்று படம்: முகத்தோடு தூரத்தில் ஒன்று, அந்தப் பகுதி ஒன்று, பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்து நெருக்கத்தில் ஒன்று. மறுநாளும் அதற்கு மறுநாளும் திரும்ப எடுங்கள், ரத்தக்கட்டு நேரமாக ஆகத்தான் கறுக்கும். ஃபில்டர் வேண்டாம், வெட்ட வேண்டாம், அண்ணனுக்கு அனுப்பிவிட்டு உங்கள் பக்கத்து மெசேஜை மட்டும் நீக்குங்கள்.

நாளை ஆபீசுக்குப் போனதும் இரண்டு அழைப்புகள், ஆபீஸ் போனிலிருந்து. முதலில் 181, ஒன் ஸ்டாப் சென்டரில் பிள்ளைகளோடு இடம் இருக்குமா என்று. அது தெரிந்த பிறகு, கழுத்தைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போக மேனேஜரிடம் அரை நாள் லீவு கேளுங்கள்.